ஜோம்பி காமெடியில் அம்மா அப்பா சென்டிமென்ட் எதற்கு?

கேள்வி | 4 அக்டோபர் 2025, மாலை 6.15

சிரிக்கலாம் என்று ஜோம்பி காமெடி போட்டால் ஒரு மணி நேரத்தில் அம்மா சாகிறாள், அப்பா சாகிறார், மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள். இங்கிலாந்துக்காரன், கொரியாக்காரன், ஜப்பான்காரன் எல்லாரும் இதே வேலைதான். ரத்தமும் சிரிப்பும் போதாதா? குடும்பத்தை உள்ளே இழுப்பது சோம்பேறித்தனம் என்கிறேன். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

4 அக்டோபர், இரவு 10.40

இல்லை என்பவர்களில் நான் ஒருத்தி.

மற்ற பேய்க்கெல்லாம் ஒரு ஊர் உண்டு. ரத்தக்காட்டேரிக்குக் கோட்டை, ஓநாய் மனிதனுக்குக் காடு, நம்மூர்ப் பேய்க்குப் பாழடைந்த பங்களா. ஜோம்பிக்கு அப்படி எதுவும் கிடையாது. நேற்று ராத்திரி உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், கடிபட்டுச் செத்து, அதே சட்டையோடு, அதே செருப்போடு எழுந்து வருகிறார். அடிப்பதா, கதவைத் திறந்து உள்ளே விடுவதா? தெருவில் போகிற ஜோம்பியைப் பார்த்தால் இந்தத் தடுமாற்றமே வராது. வீட்டு ஆளைப் பார்த்தால்தான் வரும். குடும்பத்தை யாரும் உள்ளே இழுக்கவில்லை, அது முதலிலிருந்தே அங்கேதான் இருக்கிறது.

2004இல் வந்த ‘ஷான் ஆஃப் தி டெட்’டையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் ரைட் இயக்கியது. (இனி எல்லாப் படத்தின் முடிவையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.) ஷானுடைய அம்மாவின் இரண்டாவது கணவர் பிலிப். பில் நை நடித்திருப்பார். யாராவது “உன் அப்பா” என்றால் போதும், “என் அப்பா இல்லை” என்று ஷான் உடனே திருத்துவான். அந்த பிலிப்பை ஜோம்பி கடித்துவிடுகிறது. காரின் பின் சீட்டில் உயிர் போய்க்கொண்டிருக்கும்போது ஷானிடம் மனதைத் திறக்கிறார். உன்னை முதலில் பார்த்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது, அப்பா போனதால் நீ தளர்ந்துவிடக் கூடாது என்றுதான் கண்டிப்பாக இருந்தேன் என்கிற மாதிரி நாலு வார்த்தை. சொல்லிவிட்டுச் சாகிறார். எழுந்திருக்கிறார். எல்லாரும் காரை விட்டு இறங்கி ஓடுகிறார்கள். அம்மா மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். உள்ளே இருப்பது உன் கணவரே இல்லை, நீ நேசித்த மனிதர் அதில் ஒரு துளிகூட மிச்சமில்லை என்று ஷான் கத்துகிறான். காருக்குள் அலறிக்கொண்டிருக்கிற பாட்டை பிலிப் கை நீட்டி அணைக்கிறார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இந்த ஒரு காட்சியில் சிரிப்பைத் தனியாகவும் சென்டிமென்ட்டைத் தனியாகவும் பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். உயிரோடு இருந்தபோது இரைச்சல் பிடிக்காத மனுஷன், செத்த பிறகும் இரைச்சல் பிடிக்கவில்லை. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடிந்ததில்லை, சிரித்து முடித்ததும் தொண்டை அடைக்காமல் இருந்ததும் இல்லை.

5 அக்டோபர், காலை 7.05

ராத்திரி முழுக்க இதே யோசனை. அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

பீட்டர் ஜாக்சன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மோதிரக் கதைகளுக்கெல்லாம் முன்பு, 1992இல் நியூசிலாந்தில் எடுத்த படம் ‘பிரெய்ன்டெட்’. கதை 1957ஆம் வருஷத்து வெல்லிங்டனில் நடக்கிறது. கல்யாண வயதுப் பையன் லயனல், அவனைப் பிடித்த பிடி விடாத அம்மா. பையன் ஒரு பெண்ணோடு மிருகக்காட்சிசாலைக்குப் போகிறான். அம்மா ஒளிந்து வேவு பார்க்கப் போய், சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த எலிக்குரங்கு ஒன்றிடம் கடி வாங்குகிறாள். அதன் பிறகு நாளுக்கு நாள் அழுகுகிறாள்.

அந்த விருந்துக் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெரிய மனிதர்கள் சாப்பிட வருகிறார்கள். அம்மா உடம்பு தேறாமல் இருக்கிறாள், ஆனால் விருந்தாளி முன்னால் மரியாதை போகக் கூடாது. கன்னத்துத் தோல் உரிந்து தொங்குகிறது, மகன் பசை போட்டு ஒட்டிவிடுகிறான். மேஜையில் உட்கார்ந்து கஸ்டர்ட் சாப்பிடும்போது காது கழன்று கிண்ணத்தில் விழுகிறது. அதையும் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிடுகிறாள். மகன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

குமட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க, காட்டிக்காத” என்று வளர்ந்த யாருக்கும் அந்த மகன் முகம் தெரிந்த முகம். அம்மா செத்த பிறகும் அவன் அவளை வெளியே அனுப்புவதில்லை. நிலவறையில் வைத்து, மயக்க ஊசி போட்டு, மேஜை போட்டு, கரண்டியால் ஊட்டுகிறான். கடைசியில் அவள் ராட்சத உருவமெடுத்து, வயிற்றைப் பிளந்து மகனை மறுபடி உள்ளேயே இழுத்துக்கொள்கிறாள். அவன் அறுத்துக்கொண்டு வெளியே வருகிறான். அம்மாவிடமிருந்து இரண்டாவது தடவை பிறந்தால்தான் அவனுக்கு விடுதலை. குடும்பத்தைக் கழித்துவிட்டால் இந்தப் படத்தில் மிஞ்சுவது புல்வெட்டும் இயந்திரமும் ரத்தமும்தான்.

5 அக்டோபர், மதியம் 1.20

கேட்டவருக்கு: பிள்ளைகளோடு பார்க்க ‘பிரெய்ன்டெட்’ வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

7 அக்டோபர், இரவு 11.10

“இதெல்லாம் இப்போ வந்த பழக்கம், பழைய படங்களில் குடும்பம் கிடையாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை ஐயா. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968ஆம் வருஷப் படம். இன்றைக்கு நாம் ஜோம்பி என்று நினைப்பதன் அச்சே அதுதான். அது அண்ணனும் தங்கையும் அப்பாவின் கல்லறைக்கு மாலை வைக்க வருவதில் தொடங்குகிறது. சின்ன வயதில் செய்த மாதிரியே, “பார்பரா, உன்னைப் பிடிக்க வர்றாங்க” என்று அண்ணன் குரலை மாற்றி மிரட்டி விளையாடுகிறான். படம் முடிகிற நேரத்தில் அந்த அண்ணனே ஜோம்பியாக வந்து தங்கையை இழுத்துக்கொண்டு போகிறான். தங்கை ஒளிந்திருந்த வீட்டின் நிலவறையில், கடிபட்ட சின்னப் பெண் எழுந்து பெற்ற தாயைக் கொல்கிறாள். தாய் கையை ஓங்கக்கூட மாட்டாள்.

அதில் சிரிப்பு கிடையாது. ஆனால் காமெடிக்காரர்கள் விதை எடுத்தது அங்கேதான். ஷானுடைய அம்மா பெயர் என்ன? பார்பரா. போனில் ஷானின் நண்பன் எட் உற்சாகமாகக் கத்துவான், “உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றோம் பார்பரா” என்று. 1968இல் மிரட்டலாக இருந்த வாக்கியம் 2004இல் அம்மாவைக் காப்பாற்றப் போகிற வாக்கியமாக மாறியிருக்கிறது. அப்படியும் அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. கையில் கடி வாங்கியதைக் கடைசி வரை மறைத்துவிடுகிறாள், மகன் கவலைப்படக் கூடாது என்று.

நம் வீட்டிலும் நெஞ்சுவலியை மூன்று நாள் வாய்வு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

9 அக்டோபர், இரவு 9.30

நாலாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். “அடிப்பதா, திறப்பதா” என்று எழுதியது சினிமாவுக்குச் சரி. எனக்கு அந்த பிலிப் காட்சி ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதை நான் எழுதவே இல்லை.

என் அப்பத்தாவுக்குக் கடைசி மூன்று வருஷம் நினைவு இல்லை. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள். என்னைப் பார்த்து “நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்பார். அப்பாவை, பெற்ற மகனை, வேலையாள் என்று நினைத்துக் கூலி கேட்காமல் போகச் சொல்வார். நாள் பூராவும் வாசல் திண்ணையில், சுவரைப் பார்த்தபடி.

எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் போட்டுவிட்டு எல்லாரும் மறந்துவிடுவோம். தொட்டி நிரம்பி, குழாய் வழியாகத் தண்ணீர் கொல்லைச் சிமெண்டுத் தரையில் சளசளவென்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பத்தா எழுந்திருப்பார். திண்ணையில் கையை ஊன்றி, நடைக்குள் வந்து, சுவரைத் தடவிக்கொண்டே, அடுப்படி வாசலுக்கு மேலே இருக்கிற கறுப்பு சுவிட்சை எட்டி அணைப்பார். எட்டுவதற்குக் குதிகாலைத் தூக்க வேண்டும். அணைத்துவிட்டு அதே வழியில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார். எங்கள் யார் பெயரும் தெரியாது, அந்தச் சுவிட்ச் இருக்கிற இடம் தெரியும்.

“அதில் ஒரு துளிகூட மிச்சமில்லை” என்று ஷான் கத்தும்போது பிலிப் பாட்டை அணைக்கிற அந்த நொடியில் நான் அப்பத்தாவின் குதிகாலைத்தான் பார்க்கிறேன்.

10 அக்டோபர், காலை 8.50

மறதி நோயாளிகளை ஜோம்பியோடு ஒப்பிடுவது வலிக்கிறது என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மா இப்போது அந்த நிலையில் இருக்கிறாராம். சகோதரி, நீங்கள் சொல்வது நியாயம். அப்படிப் படிக்கும்படி எழுதியது என் பிழை. அப்பத்தாவை நான் அந்த ஜந்துக்களோடு வைக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் ஒப்பிட்டேன். முகம் மாறாமல் ஆள் மாறிவிட்டவரின் முன்னால், கையில் சோற்றுத் தட்டோடு நிற்கிறவர்கள். இந்தப் படங்கள் உண்மையில் அவர்களைப் பற்றியவை. உங்கள் அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

14 அக்டோபர், இரவு 10.15

கொரியாவுக்கு வருகிறேன். ‘டிரெயின் டு பூசான்’ (2016) காமெடி அல்ல என்று நாலு பேர் திருத்தியிருக்கிறீர்கள். நான் அதைக் காமெடி என்று சொல்லவே இல்லை, ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. கடிபட்ட அப்பா, தனக்கு நினைவு போவதற்கு முன்னால் மகள் பிறந்த அன்று கையில் வாங்கியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே ரயிலிலிருந்து விழுகிறார். அந்தப் படத்துக்குப் பிறகு வந்த கொரியக் காமெடிகளெல்லாம் அந்த அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருஷம் ஜூலைக் கடைசியில் அங்கே வெளியான ‘மை டாட்டர் இஸ் எ ஜோம்பி’ நேராகவே பேசுகிறது. ஒரு வெப்டூனிலிருந்து, அதாவது இணையப் படக்கதையிலிருந்து, எடுத்தது. அப்பா புலி பழக்குகிறவர், சோ ஜங்-சுக் நடித்திருக்கிறார். நடனப் பித்துப் பிடித்த மகளை ஜோம்பி கடித்துவிடுகிறது. கடிபட்டவர்களை அரசாங்கம் தேடிப் பிடிக்கிறது. இவர் மகளைக் காரில் போட்டுக்கொண்டு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போகிறார். புலியைப் பழக்கியவனுக்கு மகளைப் பழக்கத் தெரியாதா என்று பயிற்சி ஆரம்பிக்கிறது.

இதில் பாட்டி கையில் இருக்கிற முதுகு சொறியும் குச்சியைக் கவனியுங்கள். மரக்கைப்பிடி, நுனியில் வளைந்த விரல்கள், நம் சந்தையிலும் கிடைக்கும். பேத்தி பல்லைக் காட்டிச் சீறினால் பாட்டி அதை எடுத்து ஒன்று வைப்பார், பேத்தி அடங்கிவிடுவாள். கொரிய மொழியில் அந்தக் குச்சிக்குப் பெயர் ‘ஹ்யோஜாசோன்’. பெற்றவர்களைப் பேணும் நல்ல மகனுடைய கை என்று பொருள். முதுகு சொறிந்துவிடப் பக்கத்தில் மகன் இல்லாத கிழவிக்கு அந்தக் குச்சிதான் மகன். நிஜ மகனே வீடு திரும்பிய பிறகும் பாட்டி அதை விடவில்லை. உலகமே பயந்து ஓடுகிற நோய்க்கு முன்னால் பாட்டி பயப்படாமல் நிற்கிறார், ஏனென்றால் அவருக்கு அது அடம்பிடிக்கிற பேத்தி, அவ்வளவுதான்.

பின்பாதி கொஞ்சம் அதிகமாகவே அழ வைக்கிறது. இழையைத் தொடங்கிய நண்பர் இந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் பாதி சம்மதம்.

14 அக்டோபர், இரவு 10.50

‘தி ஆட் ஃபேமிலி’ (2019) விட்டுப்போயிற்று. கிராமத்து ஓரத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற ஏமாற்றுக் குடும்பம். அப்பாவை ஜோம்பி கடிக்கிறது. செத்துப்போவார் என்று எல்லாரும் காத்திருக்க, மனுஷன் வாலிபம் திரும்பி எழுந்து வருகிறார். உடனே குடும்பம் அந்த ஜோம்பியைக் கட்டிவைத்து, ஊர்க் கிழவர்களிடம் கடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறது. மற்ற படங்களில் குடும்பத்தை இணைப்பது துக்கம், இதில் வியாபாரம். வீட்டுக் கடைசிப் பெண் மட்டும் அந்த ஜோம்பிப் பையனுக்கு முட்டைக்கோஸ் கொடுத்துப் பழகுகிறாள். அந்த வீட்டில் ஒரு ஆளை ஆளாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். படம் சுமார், அந்தப் பெண்ணுக்காகப் பார்க்கலாம்.

17 அக்டோபர், மதியம் 2.00

‘மிருதன்’ பற்றிக் கேட்டவருக்கு. 2016, சக்தி சௌந்தர் ராஜன் இயக்கியது, ஜெயம் ரவி ஊட்டிப் போக்குவரத்துப் போலீஸ்காரர். காமெடி அல்ல, ஆனாலும் நம்மவர்கள் முதலில் ஜோம்பியைத் தொட்டபோது நடுவில் வைத்தது அண்ணன் தங்கையைத்தான். எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

22 அக்டோபர், இரவு 11.45

தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அடுத்த நாள் எல்லாருமாக ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ பார்த்தோம். ஷினிசிரோ உயேதாவின் ஜப்பான் படம், 2017. செலவு 30 லட்சம் யென்தான் என்கிறார்கள், ஒரு நடிப்புப் பயிற்சிப் பள்ளியின் பட்டறையில் பிறந்தது. முதலில் டோக்கியோவில் இரண்டே தியேட்டரில் போட்டு, வாய்வழியாகப் பரவி நாடு பூராவும் ஓடிய படம்.

முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பழைய நீர் சுத்திகரிப்பு நிலையம், ஜோம்பிப் படம் எடுக்கிற குழு, நிஜ ஜோம்பி. நடிப்பு அங்கங்கே தடுமாறுகிறது. யாரோ தேவையில்லாமல் பேசுகிறார்கள். காமிரா தரையில் கிடந்துவிட்டு எழுகிறது. தம்பி மனைவி “இதுக்கா அண்ணி இவ்வளவு பேச்சு?” என்றாள். பொறு என்றேன். பிறகு ஒரு மாதம் பின்னால் போய், இதை எடுத்த குடும்பத்தைக் காட்டுகிறார்கள். அங்கேதான் படமே ஆரம்பம்.

அப்பா, சின்னத்திரை இயக்குநர். வேகமாக, மலிவாக, சுமாராக எடுத்துத் தருகிறவர் என்று பெயர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். அம்மா, நடிப்பில் மூழ்கிவிட்டால் வெளியே வரத் தெரியாமல் நடிப்பையே விட்டவள். மகளுக்கும் சினிமா ஆசை. படப்பிடிப்பில் ஒரு குழந்தை கண் மருந்து போட்டு அழுவதை ஏற்க மறுத்து, நிஜமாக அழச் சொல்லிச் சண்டை போட்டு வேலை போனவள். அப்பாவைப் பார்த்தால் மகளுக்கு அவமானம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சில்லை. நாம் பார்த்த அந்த 37 நிமிடம் வெட்டே இல்லாமல் நேரலையாக ஒளிபரப்பான படம். இந்த மூன்று பேரும் அந்த நேரலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்போதுதான் முதல் 37 நிமிடம் திரும்ப வருகிறது, இந்தத் தடவை காமிராவுக்குப் பின்னாலிருந்து. நாம் மோசமான நடிப்பு என்று நினைத்த ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உயிரைக் கொடுத்துச் சமாளித்தது. ஒரு நடிகர் குடித்துவிட்டுச் சரிகிறார், இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. அப்பாவே இயக்குநர் வேஷத்தில் உள்ளே புகுந்து, அதுவரை அடக்கிவைத்ததையெல்லாம் நடிகை முகத்துக்கு நேராகக் கத்துகிறார். வசனம் என்று நாம் நினைத்தது அந்த மனிதரின் நிஜக் கோபம். தம்பி தரையில் புரண்டு சிரித்தான்.

கடைசி ஷாட் மேலிருந்து எடுக்க வேண்டும். கிரேன் உடைந்துவிட்டது. விட்டுவிடலாம் என்கிறார்கள், அப்பாவும் வழக்கம்போலத் தலையாட்டுகிறார். அவருடைய வசனத்தாளில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கிறது. சின்ன வயது மகளைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற படம், மகள் கையில் ஒரு காமிரா. அதைப் பார்த்ததும் மகள் ஆட்களையெல்லாம் கூப்பிடுகிறாள். ஒருவர் மேல் ஒருவராக மண்டியிட்டு மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள். உச்சியில் அப்பா, அவர் தோளில் வளர்ந்த மகள், கையில் காமிரா. கீழே இருப்பவர்களின் கைகள் நடுங்குவதைப் பாருங்கள்.

என் மகளுக்குப் பதினாலு வயது. படம் முடிந்து விளக்கைப் போட்டபோது என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவள் எதுவும் சொல்லாமல் போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

23 அக்டோபர், காலை 6.40

இழையைத் தொடங்கிய நண்பருக்கு ஒன்று. இந்தப் படத்தில் நிஜ ஜோம்பியே கிடையாது, நிஜச் சாவும் கிடையாது. அப்படியும் நாங்கள் அழுதோம். சாவைக் காட்டி மிரட்டித்தான் அழவைக்கிறார்கள் என்கிற உங்கள் கட்சிக்கு இதில் என்ன பதில்? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

26 அக்டோபர், இரவு 8.20

தம்பி ஊருக்குப் போய் இந்த இழையை முழுக்கப் படித்திருக்கிறான். இன்று போன் செய்து என் ஒன்பதாம் தேதிப் பதிவில் பாதிதான் இருக்கிறது என்றான்.

“அணைக்கிறது மட்டும் இல்லக்கா. அணைச்சிட்டு ஒரு திட்டுத் திட்டும், மறந்துட்டியா? ‘எவன்டா போட்டது? கரண்டு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?’ன்னு. யாரைத் திட்டுறோம்னு அதுக்குத் தெரியாது.”

அவன் சொன்னதும் அந்தக் குரல் அப்படியே காதில் விழுந்தது. மோட்டார் போட்டது பெரும்பாலும் தம்பிதான், திட்டு வாங்கியதும் அவன்தான். அது எங்கள் அப்பன் வீட்டுக் கரண்டேதான். அந்த அப்பனைப் பெற்றதும் அப்பத்தாதான்.